ஈசினோபீலியா என்னும் சொல்லும் நெடுநாள் இருமலும்

நம் குடும்பங்களில் 'ஈசினோபீலியா' என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் அரியர். குழந்தை தும்மினால் ஈஸ்னோபில். கிழவர் இருமினால் ஈஸ்னோபில். மருமகளுக்கு மூச்சு வாங்கினால் அதுவும் ஈஸ்னோபில். "அவனுக்கு ஈஸ்னோபில் இருக்குது, சாமி; மோர் ஆகாது" என்று, வீடு சந்திக்கச் செல்லும் எம்மிடம் தாய்மார் கூறுகையில், ஏதோ பரம்பரைச் சொத்தைக் குறிப்பிடுவது போலவே கூறுகின்றனர். எல்லா இருமலுக்கும் ஒரே பெயரைச் சூட்டியதால் நேர்ந்த தீமை ஒன்றுண்டு. உண்மையாகவே அந்த அணுக்களால் நுரையீரல் தாக்குண்டவர் கூட்டத்தோடு கூட்டமாய் மறைந்துபோகிறார். அவருடைய இருமலையும் எவரும் பெரிதாக எண்ணுவதில்லை.

வளர்ந்த ஆண் பெண்களிடம் மாதக்கணக்கில் நீடிக்கும் இந்நுரையீரல் நோயை மருத்துவர்கள் எங்ஙனம் கண்டறிகின்றனர் என்பதை இங்கே எழுத விழைகிறோம். நாம் மருத்துவரல்லோம். குருமடத்தில் நமக்குக் கற்பித்தவை தத்துவமும் இறையியலுமே. நோயாளரைச் சந்திக்கும் கடமையின் பொருட்டு, அறிந்த மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றையே வாசகர்முன் வைக்கிறோம்.

முதலில் அந்த அணு எது என்று காண்போம். இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் பல வகைப்படும். 1879-ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், 'ஈயோசின்' என்ற செஞ்சாயத்தை இரத்தத்தின்மேல் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரு வகை வெள்ளணு மட்டும் அச்சாயத்தை விரும்பி உறிஞ்சிச் சிவந்து நிற்கக் கண்டார். அதற்கே ஈசினோபில் என்று பெயராயிற்று. புழுக்களை எதிர்ப்பதும், ஒவ்வாமையின்போது பெருகுவதும் அதன் இயல்பு. நலமுள்ளவர் உடலில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் 500-க்கு மேற்படுவதில்லை.

இங்கேதான் நம் மக்கள் பெரிதும் தடுமாறுகின்றனர். ஆய்வுக்கூடத்தார் தரும் சீட்டில் 'ஈசினோபில் 8' என்றிருக்கும். அது விழுக்காடு. மொத்த வெள்ளணுக்கள் 8,000 என்றால், அதில் 8 விழுக்காடு 640 மட்டுமே. வயிற்றில் புழு இருந்தாலும், மூக்கு ஒழுகினாலும், தோலில் அரிப்பிருந்தாலும் அவ்வளவு ஏறும். வேறொருவர் சீட்டில் மொத்த வெள்ளணுக்கள் 25,000 என்றும், ஈசினோபில் 60 விழுக்காடு என்றும் இருக்கலாம். அவருடைய எண்ணிக்கை 15,000. இருவருமே 'எனக்கு ஈஸ்னோபில்' என்றுதான் சொல்லிக்கொள்வர். முன்னவருக்குப் பெரும்பாலும் பூச்சி மாத்திரையே போதும். பின்னவர் தாமதமின்றி நெஞ்சக மருத்துவரைக் காண வேண்டியவர். ஆதலால் சீட்டில் விழுக்காட்டை மட்டும் பார்த்து நிறைவடையாமல், முழு எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டறிவது நன்று. கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. அது கணக்குப் பாடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுத் தரக்கூடிய கணக்கு.

2021-ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட நம் திருத்தங்கலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே இருமலுக்குக் காரணம் தேட எவரும் தொலைவு போவதில்லை. தீப்பெட்டி ஆபீசு, பட்டாசு ஆலை, அச்சுக்கூடம் ஆகிய மூன்றில் ஒன்று வீட்டுக்கு வீடு சோறு போடுகிறது. கந்தகமும் அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த கலவையை நம் ஊரார் 'மருந்து' என்றே வழங்குகின்றனர். உடல் நலிந்தால் உண்பதும் மருந்துதான். "மருந்துத் தூசி ஒத்துக்கல, சாமி" என்று சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்தது. தூசியினால் வரும் தீங்கைச் சிறிது என்று நாம் சொல்லவில்லை. தூசியும் புகையும் மூச்சுக்குழலைப் புண்படுத்துவது மெய்யே. ஆனால் அத்தகைய இருமல் பெரும்பாலும் வேலை நாளில் மிகுந்து, விடுமுறையில் தணியும். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் நாள்களிலும் விடாமல், அதுவும் நள்ளிரவுக்குப் பின் எழுந்து உட்கார வைக்கும் இருமலுக்குத் தூசியை மட்டும் பழிப்பது பொருந்தாது.

ஆரோக்கியவரத்துப் புதிர்

இந்நோயின் வரலாறு நம் தென்னாட்டோடு பின்னிப் பிணைந்தது என்பதைப் பலர் அறியார். அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரத்திலுள்ள மதனப்பள்ளியை அடுத்து, பல மிஷன் சபைகள் ஒன்றுகூடி 1915-இல் காசநோயாளருக்கென ஓர் ஆரோக்கிய நிலையம் அமைத்தன. அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்று அழகிய பெயர். அதை நடத்தியவர் டென்மார்க்கு நாட்டு மருத்துவ ஊழியர் பிரிமோட் மோலர். காசநோய் என்று அங்கே அனுப்பப்பட்டோருள் சிலருடைய எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரல்களிலும் கேழ்வரகு தூவினாற்போலப் புள்ளிகள் தென்பட்டன. காய்ச்சலும் இருமலும் மெலிவும் இருந்தன. ஆனால் சளியை எத்தனை முறை சோதித்தாலும் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. இரத்தத்திலோ ஈசினோபில் அணுக்கள் மலையாய்க் குவிந்திருந்தன. பிரிமோட் மோலரும் பார்ட்டன் என்பவரும் 1940-ஆம் ஆண்டில் இதைக் 'காசநோய் போன்ற போலி நிலை' என்று வருணித்து இந்திய மருத்துவ ஏடொன்றில் எழுதினர்.

காசநோய்க்கெனவே வாழ்ந்த ஒருவர், தம்மிடம் வந்தவரைப் பார்த்து 'இது காசம் அன்று' என்று சொல்லத் துணிந்ததே எமக்குப் பெரிதாகப் படுகிறது. எவருக்கும் தாம் கற்ற நோயே கண்ணுக்கு முன்னால் நிற்கும் அல்லவா!

1943-இல் வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர், இந்தியாவில் தாம் கண்ட 81 நோயாளரைப் பற்றி 'லான்செட்' என்னும் இலண்டன் ஏட்டில் எழுதி, 'வெப்பமண்டல ஈசினோபீலியா' என்று பெயரிட்டார். அவர்களுள் மேகநோயும் உடைய ஒருவருக்கு, அந்நோய்க்காக ஆர்சனிக் கலந்த ஊசி போடப்பட்டது. அதில் நெடுநாளைய இருமலும் இழுப்பும் எதிர்பாராமல் நீங்கின. அதன்பின் பல ஆண்டுகள் ஆர்சனிக் ஊசியே சிகிச்சையாயிற்று. நோய் ஏன் வருகிறது என்று மட்டும் விளங்கவில்லை.

விடை வந்தது யானைக்கால் நோயின் வழியாக. அந்நோயைத் தரும் பைலேரியா புழு, சாக்கடை நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுவால் பரவுவது. முதிர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் தங்க, அதன் நுண்குஞ்சுகள் இரவில் இரத்தத்தில் உலவும். பெரும்பாலான உடல்கள் அவற்றைச் சகித்துக்கொள்கின்றன. சிலர் உடல் மட்டும் சகிப்பதில்லை. அக்குஞ்சுகள் நுரையீரலின் நுண்குழல்களில் சிக்கும்போது, அவற்றை அழிக்க ஈசினோபில் படையை அளவின்றி அனுப்புகிறது. வீட்டில் நுழைந்த எலியைக் கொல்ல வீட்டையே கொளுத்துவது போன்றது அது. குஞ்சுகள் மடிகின்றன, நுரையீரலும் புண்படுகிறது.

சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் தனராஜ், பைலேரியாவுக்கான 'டையெத்தில் கார்பமசின்' மாத்திரையால் இந்நோய் விரைந்து தீர்வதை 1958-இல் எடுத்துக்காட்டினார். அவர் கண்ட நோயாளருள் மிகப் பெரும்பாலோர் அங்கே குடியேறிய இந்தியர் என்பது நம் கவனத்துக்குரியது. (இவரே பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார்.) ஆயினும் கண்ணால் கண்ட சான்று வேண்டுமே! அதை 1960-இல் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அளித்தது. வெப், ஜோப், கால்ட் ஆகிய மூவர், இந்நோயாளரின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளில் அந்தப் புழுக்குஞ்சுகளையே கண்டு உலகுக்கு அறிவித்தனர். இரத்தத்தில் தேடிக் காணாதது உறுப்புகளுக்குள் ஒளிந்திருந்தது.

மருத்துவர் தேடும் அடையாளங்கள்

ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். பெயரும் தெருவும் வேண்டா. காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து நம் பக்கத்து அச்சுக்கூடத்துக்கு வேலைக்கு வந்த முப்பத்தைந்து வயது ஆண். நான்கு மாதமாக இரவு இரண்டு மணிக்கு இருமல் தொடங்கினால் விடியும்வரை ஓயாது. மார்பில் இழுப்பு, மாலையில் இலேசான காய்ச்சல், உடை தொளதொளவென்று ஆகிவிட்டது. யாரோ ஒரு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மாத்திரத்தில் காசநோய் என்று சொல்லிவிட்டார். சளிச் சோதனைக்கு அவர் அனுப்பவில்லை. செய்தி எப்படியோ ஊருக்குப் போயிற்று. தங்கைக்குப் பேசி முடித்திருந்த இடத்தார் 'பிறகு பார்க்கலாம்' என்றனர். வேறொரு மருத்துவர் சளியை இருமுறை சோதித்து, கிருமி இல்லையென்று கண்டு, இரத்த அணுக்களை எண்ணச் சொன்னார். பத்தாயிரத்துக்கும் மேல் ஈசினோபில். மூன்று வார மாத்திரை தரப்பட்டது. முதல் வாரம் முடிவதற்குள் அவர் இரவு முழுதும் உறங்கினார். தங்கையின் திருமணம் பின்னர் நடந்தேறியது என்றாலும், இடையில் அந்தக் குடும்பம் சிந்திய கண்ணீருக்குக் கணக்கில்லை.

காசநோய் என்று பெயர் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது தீரக்கூடிய நோய், அரசு மருந்தை இலவசமாகவே தருகிறது. ஆனால் இல்லாத நோய்க்கு ஆறு மாதம் மருந்து உண்பதும், இருக்கும் நோயை அதுவரை வளரவிடுவதும் இரட்டை நட்டம்.

இந்த வெப்பமண்டல நோயை உறுதிசெய்ய மருத்துவர் பார்ப்பவை வருமாறு: நோயாளர் பைலேரியா உள்ள பகுதியில் வாழ்ந்தவரா; இரவில் மிகும் இருமலும் இழுப்பும் வாரக்கணக்கில் உள்ளனவா; முழு எண்ணிக்கை 3,000-க்கு மேலா; ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐ.ஜி.ஈ. என்னும் புரதம் ஆயிரம் அலகுக்கு மேல் ஏறியுள்ளதா. பைலேரியாவுக்கு எதிரான காப்புப் பொருள் இரத்தத்தில் மிகுந்துள்ளதா. நோயாளருள் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். எக்ஸ்ரேயில் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பொடிப் புள்ளிகள் தெரியலாம். ஐவருள் ஒருவருக்கு ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். யானைக்காலுக்குச் செய்வதுபோல் இரவில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் இவர்களிடம் புழுக்குஞ்சு அகப்படாது. உடலே அவற்றைக் கொன்றுவிடுகிறதன்றோ! எனவே 'இரவு இரத்தத்தில் ஒன்றுமில்லை' என்ற விடையைக் கொண்டு இந்நோய் இல்லை என முடிவுகட்டலாகாது. இறுதிச் சான்று மாத்திரைதான். உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில் மூன்று வாரம் டையெத்தில் கார்பமசின் தந்தால் நோயாளர் தேறிவிடுவார். இதையும் மருத்துவர் சொல்லியே உண்ண வேண்டும். சாவடிக்குச் சாவடி மாத்திரை பரிமாறிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதால் இதைச் சொல்ல நேர்கிறது.

மாத்திரையோடு கதை முடியாது என்பதையும் நம் தமிழகத்து ஆய்வே காட்டிற்று. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் (2011 முதல் அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) மருத்துவர் வி.கே. விஜயனும் அமெரிக்க ஆய்வாளர் சிலரும் நோயாளரின் நுரையீரலைச் சிறு குழாய் வழியே உப்பு நீரால் கழுவி, அந்நீரைச் சோதித்தனர். 1987-இல் வெளிவந்த அவ்வாய்வில், கழுவிய நீரின் அணுக்களில் ஏறத்தாழ பாதி ஈசினோபில்களாக இருந்தன. மாத்திரை தொடங்கிய இரு வாரத்துக்குள் அவை வெகுவாகக் குறைந்தன. ஆனால் 1990-இல் அவர்களே, சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்றபின்னும் சிலருடைய நுரையீரலில் அழற்சி தணலாய் நீறுபூத்துக் கிடப்பதைக் கண்டெழுதினர். நீண்டநாள் கவனியாமல் விட்டவர்க்கு நுரையீரல் தழும்பேறி, மாடிப்படி ஏறவும் இயலாத நிலை வரலாம். ஆகையால் இருமல் நின்றதும் மருத்துவரை மறப்பது தகாது.

யானைக்கால் ஒழிப்புக்காக ஊர்தோறும் ஆண்டுக்கொருமுறை மாத்திரை வழங்கிய திட்டங்களால், இந்நோய் முன்னளவுக்கு இப்போது இல்லை. 2027-க்குள் யானைக்காலை ஒழிப்பது என்று இந்திய அரசு இலக்கு வைத்துள்ளது. நல்ல செய்தியே. எனினும் நோய் அருகும்போது அதைப் பார்த்துப் பழகிய கண்களும் அருகிப்போகும். இளம் மருத்துவர்க்கு அது உடனே நினைவுக்கு வாராதிருக்கலாம்.

புழுவின்றியும் வரும் நோய்

நிற்க. பைலேரியாவும் இல்லை, வேறு புழுவும் இல்லை. ஆயினும் நுரையீரலில் ஈசினோபில் நிறைகிறது என்ற நிலையும் உண்டு. அமெரிக்காவில் காரிங்டன் முதலியோர் 1969-இல் இதைத் தனி நோயாக எழுதினர். 'நாட்பட்ட ஈசினோபில் நிமோனியா' என்பது அதன் பெயர். இது ஆண்களைவிடப் பெண்களை இருமடங்கு பிடிக்கிறது, நாற்பது, ஐம்பது வயதில் மிகுதி, பெரும்பாலோர் புகைபிடிக்காதவர், ஏறத்தாழ பாதிப்பேருக்கு முன்பே ஆஸ்துமா இருந்திருக்கும். இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு என்று அடையாளங்கள் அனைத்தும் காசத்தையே ஒத்திருப்பதால், நம் தாய்மார் மாதக்கணக்கில் வீட்டு வைத்தியத்திலும் தவறான மருந்திலும் அலைகின்றனர். குடும்பத்தில் எல்லாரும் உண்டபின் உண்பவள், எல்லாரும் மருத்துவரிடம் போனபின்தானே போகிறாள்!

எக்ஸ்ரேயில் இதற்கு ஓர் அரிய அடையாளம் உண்டு. இதயம் பழுதுபட்டு நுரையீரலில் நீர் கோக்கும்போது வெண்மை நடுவில் திரண்டு, ஓரங்கள் கறுத்திருக்கும். இந்நோயில் அதற்கு நேர் எதிராக, ஓரங்கள் வெளுத்து நடு கறுத்திருக்கும். புகைப்படத்தின் நெகட்டிவைக் கையில் எடுத்தாற்போல. எல்லாரிடமும் இது தெளிவாகத் தோன்றுவதில்லை. ஸ்கேன் படமே பெரும்பாலும் காட்டித்தரும். கழுவிய நீரில் நலமுள்ளவர்க்கு ஈசினோபில் ஒன்றிரண்டு விழுக்காடே. இவர்க்கு நாற்பதையும் தாண்டும். புழு, மருந்து, காளான், காசம் அனைத்தும் இல்லையென்று விலக்கிய பின்னரே மருத்துவர் இப்பெயரைச் சொல்வார்.

அந்த விலக்கும் வேலையில் நோயாளரின் பங்கு பெரிது. மூட்டுவலிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் உண்ணும் சில மாத்திரைகளே இத்தகைய நிலையை உண்டாக்குவதுண்டு. ஆகவே உண்பவை அனைத்தையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, பையோடு எடுத்துச்சென்று மேசையின்மேல் கொட்டிவிடுவது நன்று. ஆஸ்துமா உள்ளவர் சளியோடு பழுப்பு நிறக் கட்டிகள் துப்பினால் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் காளானைத் தேட வேண்டும். நடுவயதில் ஆஸ்துமா வந்து, மூக்கடைப்பும் சேர்ந்து, கையோ காலோ மரத்துப்போனால் அது வேறு. 1951-இல் நியூயார்க்கில் சர்க், ஸ்ட்ராஸ் என்னும் இருவர் விவரித்த இரத்தக்குழல் நோயாகலாம். அது இதயத்தையும் தாக்கவல்லது, ஒருநாளும் தாமதிக்கலாகாது.

நாட்பட்ட ஈசினோபில் நிமோனியாவுக்கு மருந்து ஸ்டீராய்டு. ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். ஒரு வாரத்தில் நோயாளர் கோவிலுக்கு நடந்தே வந்துவிடுவார். இந்த விந்தையே ஆபத்தாகவும் முடிகிறது. 'வீசிங் மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கும் சிறு வெள்ளை மாத்திரைகள் பல ஸ்டீராய்டே. அவற்றை இரண்டு நாள் உண்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் ஈசினோபில் மறைந்திருக்கும். மருத்துவர் கையில் உள்ள முதல் தடயம் அழிந்துபோகும். உள்ளே காசம் இருந்தால் அது கட்டவிழ்ந்து பரவும். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர் உடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் நுண்புழு ஆண்டுக்கணக்கில் அமைதியாய் இருக்கும். அதுவும் ஈசினோபிலை ஏற்றும். ஸ்டீராய்டு பட்டால் உடலெங்கும் பரவி உயிரையே கேட்கும். சளியும் மலமும் சோதித்தபின்னரே நல்ல மருத்துவர் அம்மருந்தைத் தொடுவதன் காரணம் இதுவே. சோதனை மேல் சோதனை எழுதுகிறார், பணம் பிடுங்குகிறார் என்று நாம் முணுமுணுக்கும் இடங்களுள் இதைச் சேர்க்க வேண்டா. காசநோய்க்கான சளிச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் நமக்குப் பேருந்துத் தொலைவிலேயே உள்ளது.

ஸ்டீராய்டை ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். குறைக்கும்போதோ நிறுத்தியபின்னோ நோய் மீள்வது இதில் மிகச் சாதாரணம். மீண்டாலும் அதே மருந்துக்கு மீண்டும் அடங்கும். அடிக்கடி மீள்வோருக்கு ஈசினோபில் பெருக்கத்தையே தடுக்கும் புதிய ஊசிகளும் வந்துள்ளன. விலைதான் நம் தொழிலாளர் கைக்கு எட்டாதது. இரத்தச் சர்க்கரை ஏறுதல், எலும்பு நலிதல் ஆகியவற்றையும் மருத்துவர் இடையிடையே பார்ப்பார். பழைய எக்ஸ்ரே படங்களையும் முதல்நாள் இரத்தச் சீட்டையும் பழைய தாள்களோடு சேர்த்துக் கடைக்குப் போட்டுவிடாமல், ஞானஸ்நானச் சான்றிதழ் வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நோய் மீளும்போது புதிய மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.